முதலிடத்தில் ஒரு பிணம்!

டெலிபோன் அலறியது.

இரண்டே தடவை மணி. கட்!

மறுபடியும் அலறியது.

அதுதான் அடையாளம். ஹரிகிருஷ்ணன் பாய்ந்துபோய் ரிசீவரை எடுத்தான். மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தான்.

மறுமுனையில் உற்சாகம் பொங்கி வழிந்தது.

"நைனா! நீ செத்ததுலேர்ந்து நம்ம கேசட்டு பிச்சிக்கினு போவுது!"

"அண்ணே... கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"இன்னாத்துக்கு மெதுவா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஏழு டீக்கடை. ஏழுலயும் உன் பாட்டுதான் ஓடிக்கினு கீது! ஒரு பொம்பள பஸ்ஸை வுட்டுட்டு நின்னு கேட்டு அழுவுது நைனா! உசுரோட இருந்தப்போ உன்னை எந்த நாயாவது சீந்திச்சா?"

ஹரிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது... அவமானமாகவும் இருந்தது.

"அதெல்லாம் சரிண்ணே. நான் எப்போ உயிரோட வர்றது?"

மறுமுனையில் கேசட் பெட்டி இழுபடும் சத்தம்.

"அண்ணே?"

"வரலாம்... வரலாம். இன்னா அவசரம்?"

போன் வைக்கப்பட்டது.

ஹரிகிருஷ்ணன் செத்து, அன்றைக்குச் சரியாகப் பதினான்கு நாள் ஆகியிருந்தது.

*

1999 ஏப்ரல். சித்திரை வெயில் பிளந்துகொண்டிருந்தது.

ஹரிகிருஷ்ணன், வயது இருபத்து நாலு. அணுபுரம் குவார்ட்டர்ஸ் பையன். அப்பா ராமானுஜத்துக்கு அணுமின் நிலைய ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் வேலை. அம்மா பிரபாவதிக்குப் பையனே வேலை. பையன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மூன்று வருடமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

அதே குவார்ட்டர்ஸில் ஜெஸ்ஸி கீபோர்டு வாசிப்பாள். அபிஷேக் கிட்டார். அனு கோரஸ். நாலு பேரும் சேர்ந்து ஒரு பாப் குழு ஆரம்பித்தார்கள். பெயர் 'உப்புக்காத்து'.

பாட்டு? 'தேடிக்கினு வராதே!'

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கேசட் கடை வைத்திருந்த வெங்கடேசன்தான் தயாரிப்பாளர். கடைக்கு மேலே ஒரு மாடி அறை. சுவர் பூராவும் முட்டை அட்டை ஒட்டினால் அது ஸ்டுடியோ! ஃபேன் சத்தம் பதிவாகும் என்று ஃபேனுக்குத் தடை. ரயில் போனால் ரெக்கார்டிங் நிற்கும். செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில் எப்போது போகாமல் இருந்தது? நாலு நிமிடப் பாட்டை எடுக்க ஒன்பது நாள் ஆனது. கடைசியில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலின் ஊதல் பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. "எஃபெக்ட்டு நைனா, எஃபெக்ட்டு!" என்றார் வெங்கடேசன்.

கேசட்டில் ஒரே பாட்டு. ஏ பக்கம் பாட்டு, பி பக்கம் வெறும் இசை.

மூன்று வாரம் விற்பனைக்கு இருந்தது. குவார்ட்டர்ஸ்காரர்கள் வாங்கினார்கள். அவர்களிலும் பாதிப் பேர் ராமானுஜத்தின் முகத்துக்காக வாங்கினார்கள். மிச்சமெல்லாம் கடை மாடியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் தூங்கியது.

அப்போதுதான் வெங்கடேசனின் மூளை விழித்துக்கொண்டது.

"நைனா... நீ செத்துரு!"

"அண்ணே!"

"நெஜமா இல்ல நைனா. மகாபலிபுரம் கடலாண்ட உன் சட்டை, செருப்பை வுட்டுட்டு மறைஞ்சிரு. கடல் இழுத்துக்கினு பூட்ச்சின்னு சொல்லிக்கலாம். 'தேடிக்கினு வராதே'ன்னு பாடுன புள்ள தேட முடியாத எடத்துக்குப் பூட்டான்னு பேப்பர்காரன் எழுதுவான். பாட்டு டாப் பத்துல ஏறும். ஃபர்ஸ்ட் வந்த அன்னிக்கி, மீன்புடிக்கிற போட்டுக்காரங்க காப்பாத்தி ஆந்திராவுல வெச்சிருந்தாங்கன்னு நீ வந்து நில்லு. அவ்ளோதான்!"

ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு டி.வி.யில் டாப் பத்து. போஸ்ட் கார்டும் போன் காலும் எண்ணி வரிசை போடுவார்கள். அந்தப் பட்டியலில் தன் பெயர் வரவேண்டும் என்பதற்காக ஹரி எதையும் செய்வான். சாவது உட்பட!

ஏப்ரல் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை காலை. சட்டையும் செருப்பும் கரையில் கிடந்தன. ஹரி, யாருக்கும் அடையாளம் தெரியாமலிருக்க மொட்டை அடித்துக்கொண்டு, வெங்கடேசனின் வேன் டிரைவர் லட்சுமணனோடு ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்தான். வெங்கடேசனின் மச்சினி வரலட்சுமி, புருஷனோடு துபாய்க்குப் போய்விட்டதால் காலியாகக் கிடந்த வீடு அது. உள்ளே டி.வி. இருந்தது. டெலிபோன் இருந்தது.

வெளியே பூட்டு இருந்தது.

மறு வாரமே பாட்டு ஆறாவது இடம். அதற்கடுத்த வாரம் இரண்டாவது இடம்! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஹரி விஷயத்தில் முதல் பாதி மட்டும் பொய்.

*

திங்கட்கிழமை சாயங்காலம். டி.வி.யில் வெங்கடேசன் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டை. கையில் கர்ச்சீப்.

"ஹரி என் மகன் மாதிரி சார்..." கர்ச்சீப் கண்ணுக்குப் போனது. "அவன் ஒத்திகையில பாடுன இன்னும் ஒன்பது பாட்டை எடுத்து வெச்சிருக்கோம். மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு கையெழுத்துப் போட்டாச்சு. 'மறைந்த பாடகரின் கடைசிக் குரல்'னு பேரு. அவன் ஆத்மா சாந்தியடையணும் சார்!"

அடுத்து அணுபுரம் வீட்டைக் காட்டினார்கள்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. அழுதழுது முகமே மாறிப்போயிருந்தது. அப்பா மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"காரியம் பண்ணச் சொல்றாங்க. நான் பண்ண மாட்டேன். உடம்பைப் பார்க்காம எம் புள்ள செத்துட்டான்னு நான் எப்படி ஒத்துக்குவேன்? வருவான்."

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று ஹரி தலையில் அடித்துக்கொண்டான்.

பாய்ந்து போனை எடுத்தான்.

"அண்ணே! நான் வீட்டுக்குப் போறேன். இப்பவே!"

"இன்னா நைனா, வெளையாடுறியா? கம்பெனிகாரன் காண்ட்ராக்ட்ல 'மறைந்த'ன்னு தெளிவா போட்டு கீறான். மறைஞ்சவன் வந்து நின்னா என் கதி இன்னா ஆவறது?"

"ஃபர்ஸ்ட் வந்ததும் வரலாம்னு சொன்னீங்களே!"

சட்டென்று வெங்கடேசனின் குரல் தேனாக இனித்தது.

"சரி நைனா. நீ கவலைப்படாத. வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னண்டு மணிக்கு லட்சுமணன் வருவான். போட்டுல ஏத்தி, கடலுக்குள்ள கொஞ்ச தூரம் இட்டுகினு போய், திருப்பி இட்டாருவான். காப்பாத்தின மாதிரி இருக்கும். வெயில்ல கரையில ஈ காக்கா இருக்காது. சரியா?"

"சரிண்ணே..."

வெங்கடேசன் இவ்வளவு அன்பாகப் பேசி ஹரி கேட்டதே இல்லை.

*

வியாழக்கிழமை காலை. பின்கதவைத் திறந்து லட்சுமணன் நாஸ்தா கொண்டுவந்தான். நாலு இட்லி, வடகறி.

வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"தம்பி... உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஏன்?"

லட்சுமணன் நிம்மதியாகத் தலையாட்டினான்.

"சும்மாதான் கேட்டேன். இட்லி ஆறிடும். துன்னு."

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

ஹரியின் கையில் இருந்த இட்லி இலையில் விழுந்தது.

புரிந்துவிட்டது!

போகும்போது படகில் இரண்டு பேர். திரும்பும்போது ஒருத்தர்! ஏற்கெனவே செத்துப்போனவனைக் கொன்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஜன்னலைப் பிடித்து உலுக்கினான். விரல் தடிமனில் கம்பி. ஊரப்பாக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் திருடனுக்குப் பயந்து ஜெயிலையே கட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் காலி மனை. கத்தினால் கேட்பதற்கு ஆளில்லை.

டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினான். மகாபலிபுரம் போலீஸ் ஸ்டேஷன். எண்ணைச் சுழற்றினான்.

"ஏட்டு திருவேங்கடம் பேசறேன். யாரு?"

"சார்... நான்தான் ஹரிகிருஷ்ணன். கடல்ல செத்துப்போன பாடகர்."

"ஓஹோ."

"என்னைக் கொலை பண்ணப் போறாங்க சார்!"

"ஏற்கெனவே செத்துட்டேன்னு சொன்னியே?"

"அது பொய் சார்! இனிமேதான் நெஜமா சாகப்போறேன்!"

"தோ பாருப்பா. இந்த வாரத்துல நீ பதினோராவது ஹரிகிருஷ்ணன். ஒருத்தன் பாடியே காட்டுனான். உன்னைவிட நல்லாவே பாடுனான். போனை வை!"

டொக்!

வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போன் போட்டான்.

"அலோ..." அம்மா!

குரலில் உயிரே இல்லை. ஒரு பாட்டுக்காகச் செத்த மாதிரி நடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"யாரு? பேசுங்களேன்... ஹரியா? கண்ணா, ஹரியாடா?"

வைத்துவிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால், உண்மையை மறைப்பானேன்... அழுகையின் நடுவே அவனுக்கு இன்னொரு கணக்கும் ஓடியது. ஞாயிறு பதினோரு மணிக்கு டாப் பத்து. பன்னிரண்டு மணிக்குத்தானே படகு? முதலிடம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உடனே வீட்டுக்குப் போன் பண்ணினால் என்ன? நடுவில் முழுசாக ஒரு மணி நேரம் இருக்கிறதே!

ஆசை வெட்கம் அறியாது. ஹரியின் ஆசை உயிர்ப்பயமே அறியாது.

*

மே இரண்டு. ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று நாற்பது.

மூன்றாவது இடம்... வேறு பாட்டு.

இரண்டாவது இடம்... வேறு பாட்டு!

ஹரி நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

டி.வி.ப் பெண் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

"நேயர்களே! இந்த வாரம் முதலிடத்தில்... உப்புக்காத்து குழுவின் முதல் பாடல், 'தேடிக்கினு வராதே'! பாடியவர், படுகொலை செய்யப்பட்ட பாடகர் ஹரிகிருஷ்ணன்!"

"முதலிடம்!" ஹரி எகிறிக் குதித்தான். குதித்தவன் பாதியில் நின்றான்.

படுகொலையா?

"ஹரிகிருஷ்ணனைக் கொலை செய்த குற்றத்துக்காக, கேசட் கடை உரிமையாளர் வெங்கடேசன் நேற்று கைது செய்யப்பட்டார். அஞ்சலியாக இதோ அந்தப் பாடல்..."

ஹரிக்குச் சிரிப்பு பீறிட்டது. தன்னைக் கொல்லப் பார்த்தவன், தன்னைக் கொன்றதற்காக உள்ளே! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்றால் இதுதான். கூடவே முதலிடம்!

க்ளிக்.

முன்கதவின் பூட்டு திறந்தது.

ஹரி பின்வாங்கினான். லட்சுமணன்! அவன் இன்னும் வெளியில்தான் இருக்கிறானா? சட்டென்று டி.வி.யை அணைத்துவிட்டு, ஊதுவத்தி ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

கதவு திறந்தது.

காக்கிச் சேலை. இடுப்பில் பெல்ட். மகாபலிபுரம் ஸ்டேஷன் எஸ்.ஐ. விஜயகுமாரி. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கு நடுவே, கையில் விலங்கோடு... வெங்கடேசன்!

"மேடம்! தோ! இவன்தான் மேடம்! உசுரோட கீறான் பாருங்க! நான் கொல்லல மேடம்!"

விஜயகுமாரி ஹரியை மேலும் கீழும் பார்த்தாள். போஸ்டரில் இருந்தவனுக்குத் தோள்வரை முடி, மழமழவென்ற முகம். எதிரே நின்றவனுக்கு மொட்டைத் தலையில் முள்முடி, மூன்று வாரத் தாடி.

"உன் பேரு இன்னாப்பா?"

ஹரி வாயைத் திறந்தான்.

ஒரு நொடி யோசித்தான்.

ஆமாம் என்றால்? மோசடிக் கேஸ். பேப்பரில் சிரிப்பார்கள். முதலிடம் போய்விடும். அந்தப் படுபாவி வெங்கடேசன் விலங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துபோவான்!

இல்லை என்றால்? முதலிடம் தங்கும். வெங்கடேசன் ஆயுள் பூரா களி தின்பான்.

"லட்சு... லட்சுமணன்ங்க," என்றான் ஹரி. வாயில் வந்த பெயர் அதுதான். "வீட்டைப் பார்த்துக்கறேன்."

"அடப்பாவி!" வெங்கடேசன் வீறிட்டார். "நைனா! உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்?"

"சும்மா இருய்யா." விஜயகுமாரி அதட்டினாள். "உன்னை எப்படிப் புடிச்சேன்னு உனக்கே தெரியும். அவன் காணாமப்போன அன்னிக்கு காலைல ஆறு மணிக்கு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 'மறைவு 11.4.1999'னு கலர்ல! கடற்கரைல செருப்பைப் பார்த்து எங்க ஸ்டேஷனுக்கு போன் வந்ததே ஆறே முக்காலுக்கு! பசை தடவுனவனைக் கேட்டா, வெள்ளிக்கெழமையே சிவகாசியிலேர்ந்து லாரியில பண்டல் வந்துச்சுன்னு சொல்றான். ஞாயித்துக்கெழம சாவப்போறவனுக்கு வெள்ளிக்கெழம போஸ்டர் அடிச்சவன் கொலைகாரன் இல்லாம வேற யாரு?"

"மேடம்! செங்கல்பட்டுல எவன் செத்தாலும் பொணம் வர்றதுக்கு முன்னாடி போஸ்டர் வந்துரணும் மேடம்! அதான் மருவாதி! கேசட்டு கம்பெனி முந்திக்கலன்னா ரசிகர் மன்றம், சங்கம்னு எவனாவது ஒட்டிருவான்! என் மூஞ்சி சின்னதா கடைசியில வந்துரும்!"

"அந்த போஸ்டர்ல செத்தவன் மூஞ்சியைவிட உன் மூஞ்சிதான் பெருசா இருக்கு. பார்த்தேன்."

விஜயகுமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹரியையே பார்த்தாள்.

"பாவம்ப்பா அந்தப் பையனோட அம்மா. மூணு வாரமா ஒரு வாய் சோறு இறங்கல. போன் அடிச்சா பைத்தியம் மாதிரி ஓடுது."

ஹரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஊதுவத்தி ஸ்டாண்டைச் சட்டையில் துடைத்தான்.

இன்னும் ஒரே வாரம்மா. ஒரே ஒரு வாரம்... என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

"பாவம்தாங்க," என்றான் வெளியே.

விஜயகுமாரி பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

"சரி, கிளம்பலாம். இவன் இல்ல. கொலைக் கேஸ் கொலைக் கேஸ்தான்."

"மேடம்! மேடம்!" வெங்கடேசன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். கான்ஸ்டபிள்கள் தரதரவென்று இழுத்தார்கள்.

வாசற்படியில் விஜயகுமாரி நின்றாள். கான்ஸ்டபிளிடம் சாவகாசமாகச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணுய்யா. செத்ததாலதான் அந்தப் பையன் ஃபர்ஸ்ட் வந்தான். உசுரோட இருந்தா எவன் கேப்பான்? பாட்டுல சுருதியே சேரல."

"ஆமா மேடம்."

"அதுவும் ரெண்டாவது சரணத்துல மேல ஏறும்போது சுத்தமா சுருதி வுட்டுட்டான். கழுதை கத்தறாப்ல..."

"மேடம்!"

வீடே அதிர்ந்தது.

ஹரி வாசலுக்கே வந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது. கையில் இன்னும் ஊதுவத்தி ஸ்டாண்டு.

"அது சுருதி விடலை மேடம்! அது கமகம்! வேணும்னே இழைச்சுப் பாடினது! ஒன்பது நாள் ஃபேன் இல்லாம வெந்து வெந்து பாடினேன்! கேளுங்க..."

பாடியே காட்டினான்! கண்ணை மூடி, கையை உயர்த்தி, ரெண்டாவது சரணம் முழுவதும்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவளை தன் வாயால் கெட்டிருந்தது.

"பெத்தவ சோறு சாப்பிடலன்னு சொன்னேன். வரல," என்றாள் விஜயகுமாரி மெதுவாக. "சுருதி சேரலன்னேன். ஓடிவந்துட்டே."

ஹரி தலையைக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெங்கடேசன் விலங்கோடு துள்ளினார். "பாத்தீங்களா மேடம்! உசுரோட கீறான்! கழட்டுங்க வெலங்கை!"

"அவசரப்படாதேய்யா. உன் வேன் டிரைவர் லட்சுமணனைக் காலைலயே படகோட புடிச்சாச்சு. நீச்சல் தெரியுமான்னு கேட்டுட்டு, கடலுக்குள்ள தள்ளிட்டு வரச் சொன்னியாமே? கொலை இல்லேன்னா கொலைச் சதி. எழுதற பேப்பர் அதேதான். செக்ஷன்தான் வேற."

வெங்கடேசன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

*

ஜீப் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டை நோக்கிப் பறந்தது. முன்சீட்டில் விஜயகுமாரி வயர்லெஸ்ஸில் பேசினாள்.

"திருவேங்கடம்! அணுபுரத்துக்கு ஆள் அனுப்பு. அந்த அம்மாகிட்ட புள்ள உசுரோட இருக்கான்னு சொல்லச் சொல்லு. முதல்ல சாப்பிடச் சொல்லு. அப்புறமா வந்து அவனை நாலு அறை அறையட்டும். நான் தடுக்கமாட்டேன்."

"மேடம்... வியாழக்கெழம ஒருத்தன் போன் பண்ணான் மேடம். நான்தான்..."

"தெரியும். அது அப்புறம் பேசிக்கலாம்."

பின்சீட்டில் ஹரி அழுதுகொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு டாப் பத்தில் பாட்டு இருக்காது. உயிரோடு இருக்கிறவன் பாட்டுக்கு யார் கார்டு போடுவார்கள்? அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? எல்லாம் போயிற்று. ஆனாலும் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறைமலைநகர் தாண்டியதும் கேட்டே விட்டான்.

"மேடம்... நிஜமாவே ரெண்டாவது சரணத்துல சுருதி தப்பியிருக்கா?"

விஜயகுமாரி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இன்னாப்பா தெரியும்? நீ வாசல்ல பாடுற வரைக்கும் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்ல!"